கரண்ட் போன பிறகும் சுற்றிய சக்கரம்

பட்டறை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். நுழைந்த நொடியில் கரண்ட் போனது.

சத்தமெல்லாம் ஒன்றாக அடங்கியது. எங்கள் பட்டறை மட்டுமல்ல, அந்தச் சந்தில் இருக்கும் லேத், கிரைண்டிங், வெல்டிங் எல்லாமே அடங்கின. தெருக்கோடியில் யாரோ, "கரெக்டா ஒம்போதுக்குப் புடுங்கிப்போட்டாங்க பாருங்க" என்று சிரிப்பது கூடத் தெளிவாகக் கேட்டது.

என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி எனக்கு முதுகைக் காட்டியபடி பவர் பிரஸ் முன்னால் நின்றிருந்தார். பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பம்ப்செட் மோட்டாருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய தகடுகளை வெட்டுகிற மெஷின் அது. மேலே ஓர் இரும்புத் தலை, கீழே டை என்கிற அச்சு, பக்கவாட்டில் கனமான ஒரு சக்கரம். காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் தலை ஒரே ஒருமுறை இறங்கி, நடுவில் இருப்பதை வெட்டிவிட்டு மேலே ஏறிக்கொள்ளும். நடுவில் இருப்பது தகடா வேறு ஏதாவதா என்று அது பார்ப்பதில்லை.

கரண்ட் போனதுதான் தாமதம், அவர் இடது கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மணிக்கட்டு வரைக்கும் தலைக்கும் டைக்கும் நடுவே விட்டிருந்தார். கையில் மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ். டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் நின்றுவிட்டது. சக்கரம் நிற்கவில்லை. ஆரக்கால்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத வேகத்தில், துளிச் சத்தம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கால் பெடல் மேல் இருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். "ஏனுங்க" என்று நான் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், இந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்புவார். திரும்புகிறவர் காலை ஊன்றித்தான் திரும்புவார்.

இருபதைத் தாண்டாத ஸ்கூட்டர்

பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் பட்டறைக்கு ஏன் ஓடி வந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

போன வாரம் இங்கே எழுதிய, நான் சைக்கிள் பழகிய கதையைப் படித்துவிட்டு, "டீச்சர், இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீங்கள்?" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆமாம் அம்மா, இதைவிட அதிகம். காந்திபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கிறேன். என் ஸ்கூட்டர் இருபதைத் தாண்டாது. பின்னால் வரும் டவுன் பஸ்காரர்கள் ஹாரனிலேயே என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

எனக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தது பாடப் புத்தகம்தான். இயக்க ஆற்றல் என்று ஒரு பாடம் உண்டு. நகர்கிற எந்தப் பொருளுக்குள்ளும் அதன் ஓட்டத்தால் ஓர் ஆற்றல் சேர்ந்திருக்கும். கனம் இரண்டு மடங்கானால் அது இரண்டு மடங்காகும். நியாயம். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்த இரண்டாவது கணக்கில்தான் எனக்குத் தூக்கம் போனது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் மதுக்கரை வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் பைக்கில் போனோம். இறக்கத்தில் எங்கள் பின்னால் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஹாரன் அடித்தபடியே வந்தது. நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை டன், இத்தனை வேகம் என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். விடை வந்ததும் அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

லாரி ஒதுங்கிப் போய்விட்டது. அதன் சூடு என் வலது கன்னத்தில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. அவர் திரும்பி, "ஏன் அம்மணி, சட்டையக் கிழிச்சுப்போடுவியாட்ட இருக்குது" என்று சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

பயப்படவே தெரியாதவர் அவர். ஆனால் அஜாக்கிரதை கிடையாது. அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கரண்ட் இருக்கும்போது டை பக்கம் விரல் நுனியைக்கூடக் கொண்டுபோக மாட்டார். வெட்டிய தகட்டை இடுக்கியால்தான் எடுப்பார். டை துடைக்கிற வேலையை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற, மாதம் ஒருமுறை வரும் ஷட்டவுன் நாளுக்கென்றே ஒதுக்கி வைப்பார். பேப்பரில் எங்கள் ஏரியா பெயர் வந்தால், அன்றைக்கு எட்டரைக்கே மண்ணெண்ணெய், பிரஷ், பழைய பனியன் துணி எல்லாம் தயாராக இருக்கும்.

அந்தச் சந்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அதிலும் கரண்ட் போன சூட்டோடு துடைக்க வேண்டும். வேலை ஓடி டை சூடாக இருக்கும்போது பிசுக்கு சுலபமாக வரும். ஆறவிட்டால் கெட்டியாகி உயிரை வாங்கும்.

"கரண்டே இல்லீன்னா அது வெறும் இரும்பு அம்மணி. அதுக்குப் பயந்தா ஆச்சா?" என்பார்.

நின்ற மெஷின்

எங்களுக்கு டை செய்து கொடுப்பவர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர். கையால் தடவிப் பார்த்தே முடியளவு குறையைச் சொல்லிவிடுவார். ஆயுத பூஜைக்கு வருஷம் தவறாமல் எங்கள் பட்டறைக்கு வந்து பொரி வாங்கிக்கொண்டு போவார்.

முதல் வருஷம் பொரித் தட்டை நீட்டியபோதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றிருந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"பிரஸ்ஸுங்க டீச்சரம்மா" என்றார்.

"ஓடிட்டு இருந்தப்பவா பாய்?"

"இல்லீங்க. அதான் இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கல. கரண்டே இல்லீங்க. நின்ன மெஷினு. நின்ன மெஷினு கடிச்சுப்போட்டுதுங்க."

நேரம் சரியில்லை என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். மெஷினுக்குக் கண் திருஷ்டி என்றார் இன்னொருவர். என் வீட்டுக்காரர் இன்னொரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி பிரஸ் மேல் வைத்தார்.

நான் என்ன செய்தேன்? "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பொரி கொடுக்கப் போனேன். அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் இயக்க ஆற்றல் நடத்தி முடித்திருந்தேன். பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற வாத்தியார்களில் நானும் ஒருத்தி. அதற்கப்புறம் எத்தனை ஆயுத பூஜை வந்தது, எத்தனை முறை அந்தக் கையில் பொரி போட்டேன். ஒருமுறைகூடத் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

பட்டறைக்கு ஓடிய அன்று காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். சுழலும் பொருள்களின் இயக்க ஆற்றல். சக்கரம் இருந்த இடத்தைவிட்டு நகராவிட்டாலும், சுற்றுகிற வரைக்கும் அதற்குள் ஆற்றல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். நானாகவே கற்பனையில் உருவாக்கிய கணக்கு.

'இத்தனை கிலோ நிறையுள்ள சக்கரம் ஒன்றை மோட்டார் சுற்றுகிறது. மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகு...'

அங்கே சாக்பீஸ் நின்றது.

மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகு சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றி நிற்கும் என்பதுதான் கேள்வி. அப்படியானால் கரண்ட் போனதும் அது நிற்பதில்லை. அந்தச் சக்கரத்தை வெறுமனே சுற்றிவிடுவதுதான் மோட்டாருடைய வேலை. தகட்டை வெட்டுவது மோட்டார் இல்லை, சக்கரத்துக்குள் சேர்ந்திருக்கும் ஓட்டம். கரண்ட் போனால் போவது சத்தம் மட்டும்தான். ஓட்டம் அப்படியே இருக்கும். பாய் கை வைத்தது நின்ற மெஷினில் இல்லை.

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் பேப்பரை மடித்தபடி சொன்னது காதில் விழுந்தது. "இன்னைக்கு நம்ம ஏரியா ஷட்டவுனு. ஒம்போதுக்குப் போயிரும். டை தொடைக்கோணும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு முப்பத்தெட்டு.

பிள்ளைகளிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. பிரஸ் ஓடும்போது அவருக்குப் போன் கேட்காது. மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. காதர் பாய்க்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரிடம் ஓடினேன்.

ஒன்பதுக்குள்

காந்திபுரத்தில் காலை எட்டே முக்காலுக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

பட்டறை கணபதி ஏரியா தாண்டி ஒரு சந்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வெளியே வருவதற்குள் ஒரு யுகமாகிவிட்டது. ஒவ்வொரு சிக்னலும் என்னைப் பார்த்துத்தான் சிவப்பானது. ஒரு டவுன் பஸ்ஸுக்கும் ஒரு மினி லாரிக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியை விட்டேன். வாழ்நாளில் செய்யாத காரியம். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏனுங்கக்கா, ஊட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

சத்தி ரோட்டில் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். அறுபது. இருபதுக்கு அறுபது மூன்று மடங்கு, அப்படியானால் ஒன்பது மடங்கு என்று மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. யாராவது குறுக்கே வந்தால் அவரும் செத்தார், நானும் செத்தேன். தெரிந்தேதான் முறுக்கினேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. அன்றைக்கு என் முன்னால் யாரும் குறுக்கே வராதது யாரோ செய்த புண்ணியம்.

எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே படம்தான். இரவு தட்டில் சோறு போட்டால் அவர் பிசைகிற அந்த வலது கை. அதில் விரல்கள் இல்லாமல்.

நான்கு விரல்

ஆக, நான் ஷட்டருக்குள் நின்றிருந்தேன். கூப்பிட முடியாது. பின்னால் போய்த் தொட முடியாது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. தானாக நிற்கும்வரை காத்திருக்கலாம் என்றால், அவர் டையின் உள்மூலையை எட்டுவதற்காக இன்னும் சாய்ந்துகொண்டிருந்தார். சாயச் சாய உடம்பின் பாரம் அந்த வலது காலுக்குப் போகும். மெஷின் செத்துக் கிடக்கிறது என்று நம்புகிறவருக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்ற நினைப்பு எதற்கு?

செருப்பைக் கழற்றினேன். நான்கு எட்டு வைத்திருப்பேன். பெடலுக்கு அடியில் வைக்க ஒரு கட்டை, ஒரு செங்கல், எதுவும் கண்ணில் படவில்லை. இருந்திருக்கும். என் கண்ணுக்குப் படவில்லை.

தரையில் படுத்தேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, தரை முழுக்க ஆயில். கையை நீட்டிப் பெடலுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரலைக் கொடுத்தேன்.

கொடுத்து ஒரு மூச்சு விட்டிருக்க மாட்டேன். அவர் சாய்ந்தார். பெடல் இறங்கியது.

எழுபது கிலோ ஆள். எலும்பு நெரிபடுவது எனக்கே கேட்டது. கத்தவில்லை. கத்தக் கூடாது, கத்தக் கூடாது என்று அதை மட்டும் நினைத்துக்கொண்டேன். பெடல் என் விரல்மேல் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவில்லை. மேலே தலை இறங்கவில்லை.

காலுக்கடியில் ஏதோ இடிக்கிறதே என்று அவர் குனிந்து பார்த்தார்.

"அம்மணி?"

"கைய வெளிய எடுங்க."

"நீ எங்க இங்க... என்ன பண்றே கீழ?"

"கைய மொதல்ல எடுங்க. காலை அசைக்காதீங்க. கைய எடுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, எடுத்துவிட்டார். பிரஷ் மட்டும் டைக்குள்ளேயே கிடந்தது. அப்புறம் காலை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். என் கையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துப்போனது.

"உனக்கென்ன பைத்தியமா? கரண்டே இல்லீயே! கரண்ட் இல்லாத மெஷினுக்குப் போயி..."

படுத்த வாக்கிலேயே இடது உள்ளங்கையால் பெடலை அழுத்தினேன்.

தலை இறங்கியது. டக்கென்று ஒரே சத்தம். கரண்ட் இல்லாத அந்தச் சந்தே அதைக் கேட்டிருக்கும். தலை மேலே ஏறியபோது பிரஷ்ஷின் கைப்பிடி இரண்டு துண்டாகி, ஒன்று டைக்குள் இருந்தது, இன்னொன்று என் தலைமுடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது ஆரக்கால்கள் தெரிந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் குறைந்தது. ஆறு கால்களையும் எண்ண முடிந்தது. அப்புறம் ஒரு பக்கம் சற்று ஆடி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பி, நின்றது. இருபது வருஷம் அந்த மெஷினோடு இருந்தவர், அது நிற்பதை அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தார்.

"மாசாமாசம் கைய உட்டிருக்கறேன் அம்மணி" என்றார். "மாசாமாசம்." சொல்லிவிட்டு அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மதுக்கரை இறக்கத்தில் லாரிக்குச் சிரித்த மனிதர், என் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கோபிக்கு ஒரு போன்

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என்னைத் தூக்கி நிறுத்தினார். ஷட்டர் வரைக்கும் வந்தவர், சட்டென்று நின்றுவிட்டார்.

"நாகராசு" என்றார்.

நாகராஜ் எங்கள் பட்டறையில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தவர். பிறகு சொந்த ஊரான கோபிசெட்டிபாளையத்துக்கே போய், அங்கே ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கிப் போட்டுத் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். தொழிலின் ஒவ்வொரு நுணுக்கமும் என் வீட்டுக்காரர் சொல்லித் தந்தது.

"அவனுக்கு டை தொடைக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். கரண்ட் போனா தைரியமா கைய உடு, சூடு ஆறக்குள்ள தொடைச்சுப்போடுன்னு. நேத்துப் பேசினப்ப அங்கயும் இன்னைக்குத்தான் ஷட்டவுனுன்னான்."

போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு முறை தப்பான பெயரைத் தொட்டார். மூன்றாம் முறை மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஒவ்வொரு மணியும் எனக்கும் கேட்டது. வெளியே சந்தில் ஆட்கள் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, "என்னுங்க, டீச்சரம்மா ஆயில்ல உருண்டுட்டாங்களாட்ட இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருவழியாக எடுத்தார்கள்.

"சொல்லுங்கண்ணா" என்றது நாகராஜின் குரல். "கையெல்லாம் மண்ணெண்ணெயிங்க. அதான் எடுக்க முடியில. இங்க இப்பத்தான் கரண்ட் போச்சுங்க. சித்த நேரத்துல நானே கூப்புடட்டுங்களா?"

என் வீட்டுக்காரர் போனை என் பக்கம் நீட்டினார்.

"நாகராசு, நான் அக்கா பேசறேன். சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க கை ரெண்டும் இப்ப எங்க இருக்குது?"

"எதுக்குங்கக்கா?"

"சொல்லுங்க."

"ஒரு கையில போனுங்க. ஒரு கை டைக்குள்ளாரங்க. ஏனுங்க?"

"எங்கயும் திரும்பாதீங்க. காலை அசைக்காம அந்தக் கைய மெதுவா வெளிய எடுங்க. எடுத்துட்டு எங்கிட்டச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு காக்கை கத்தியது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வரைக்கும் இறங்கின அவருடைய விரல்கள் ஐந்தும்.

"எடுத்துட்டனுங்கக்கா" என்றார் நாகராஜ்.

அதற்குப் பிறகுதான் என் கை வலிக்க ஆரம்பித்தது.